சூளைக் கல்லுக்குள் ஒரு தாடை

தலைவர் ஐயா, மேடையிலை இருக்கிற பெரியோரே, சண்டிலிப்பாயிலையிருந்து நடந்து வந்த என்ரை சனங்களே, சுகமாய் இருக்கிறியளோ? இரங்கல் கூட்டத்திலை சுகம் கேக்கலாமோ தெரியாது. பியாட்றிஸ் அக்கா, ஒரு வாய் தேத்தண்ணியெண்டாலும் குடிச்சியளோ?

நான் கிணறு வெட்டுற தில்லைநாதன். அக்கா, உங்கடை மனுசன், எங்கடை செபநாயகம் மாஸ்டரைக் கிணத்துக்குள்ளையிருந்து பிரேதமாய்த் தூக்கினது இந்தக் கைதான்!

பஞ்சலிங்கத்தாற்றை தோட்டக் கிணத்திலை, கல்லோடை கல்லாய் ஒரு தாடை வந்தது. முன்பாதிதான். பின்பாதி பாறைக்குள்ளை நிண்டிட்டுது. "நாய்தானே, மாஸ்டர்?" எண்டன். "பொறு தில்லை" எண்டு பஞ்சலிங்கத்தாற்றை நாயின்ரை வாயைப் பிளந்தார். பொல்லாத நாய்! ஊர் விதானையாற்றை வேட்டியையே உரிஞ்சது. அந்தக் கதை கிடக்கட்டும். மாஸ்டரையும் கடிச்சுப்போட்டுது. இரத்தம் வடிய வடியச் சொல்லுறார்: "பார், நாய்க்கு இறைச்சி வெட்டுற பல்லுக்குப் பின்னாலை அரைக்கிற பல்லு. பூனைக்குப் பின்னாலை ஒண்டுமில்லை. இதுக்கு வெட்டுற பல்லுக்குப் பின்னாலை, பாறைக்குள்ளை நிக்கிற கடைசிப் பல்லும் கத்தியெண்டால், நாயுமில்லை பூனையுமில்லை. பூண்டோடை அழிஞ்ச வேறை இனம்."

முன்பாதியைப் பாத்த கொழும்பு நூதனசாலைப் பெரியவை நாயெண்டு முடிச்சுப்போட்டினம். மாஸ்டர் விடேல்லை. "வெடி வையாதை, உளியாலை எடுப்பம்" எண்டு கெஞ்சினார். "செத்த மிருகத்துக்காக உயிரோடை நிக்கிற புகையிலைக் கண்டைத் தண்ணியில்லாமல் கொல்லவோ?" எண்டார் பஞ்சலிங்கத்தார். அதுவும் ஞாயந்தானே!

வெடி வைச்சாச்சு. வேப்பங்குழையைக் கயித்திலை கட்டி ஏத்தி இறக்கி, வெடியாலை அடைஞ்ச கெட்ட காத்தை எடுக்காமல் நாங்கள் ஒருத்தரும் இறங்கிறேல்லை. நான் குழை முறிச்சுக்கொண்டு வாறன், கிணத்தடியிலை மாஸ்டற்றை செருப்பு மட்டும் கிடக்குது.

என்னத்துக்கு இறங்கினார்? காசுக்கோ? பேருக்கோ? ஓம், பேருக்குத்தான்! தன்ரை பேருக்கில்லை, பேரில்லாமல் செத்த ஒரு மிருகத்தின்ரை பேருக்கு! பொத்தின கையைப் பிரிச்சுப் பாத்தம். வெறுங் கல்லு.

செத்தவீட்டு அமளியிலை உடைஞ்ச கல்லெல்லாம் வண்டிலேறிக் கனிசியஸின்ரை சுண்ணாம்புச் சூளைக்குப் போட்டுது. சபையிலை கேக்கிறன், கல்லுக் கல்லாய்ப் பாக்குமட்டும் சூளை எரியக்கூடாது! கனிசியஸ் எங்கை? வாறனெண்டவனைக் காணேல்லையே?

ஆர் வாசலிலை? சூளையிலை வேலை செய்யிற நாகேஸ்வரியோ? என்ன பிள்ளை, ஓடிவந்து இப்பிடி மூச்சு இளைக்கிறாய்? என்னது, கனிசியஸ் சூளைக்கு நெருப்பு வைச்சிட்டானோ? தண்ணி ஊத்தச் சொல்லு! வாறன், வாறன்! பெரியோரே, மாஸ்டற்றை பேராலை நாங்கள் எல்லாரும் அந்தக் கடைசிப் பல்லைக் கண்டெடுத்து —