கழிப்பறைக் கதவைத் திறந்து கிளையைக் காத்த மேலாளர் அம்மையாருக்கு

வைப்புநிதி வளர்த்த வல்லமையே! வாராக்கடனும் வணங்கி வந்த வாய்மையே! இரும்புப் பெட்டகத்துக்கு இதயம் பொருத்திய எங்கள் சந்தைக் கிளையின் மேலாளர் அம்மையீரே, வணக்கம்! இன்னும் நாலைந்து அடைமொழிகள் எழுதியிருந்தோம். இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுபவர் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்.

தாங்கள் இங்கே காலடி வைத்தபோது, இலாபம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே பல காலம் ஆகியிருந்தது. ஓராண்டில் தேறாவிட்டால் கிளையை மூடி, எங்களைத் திசைக்கொருவராகத் தூக்கியடிப்பதென்று தலைமையகம் தீர்மானித்திருந்தது. சமூகப் பொறுப்புணர்வில் மட்டும் அது சளைத்ததில்லை. வாசலில் ஒரு மரக்கன்று நடப் பந்தலும் பதாகையும் படக்காரர் பட்டாளமுமாக வந்து, தண்ணீர் ஊற்ற மட்டும் ஆள் வைக்காமல் திரும்பியது.

தாங்களோ எதிர்வரிசையைப் பார்த்தீர்கள். காய்கறி விற்கும் பெண்கள் ஒதுங்க இடமின்றி, நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் அமர்ந்திருந்தார்கள். மறுநாளே நம் ஊழியர் கழிப்பறையை அவர்களுக்குத் திறந்துவிட்டீர்கள். நாடா வெட்டவில்லை, நாலு வார்த்தை பேசவும் இல்லை.

"மேடம், இது பேங்க்கா, பஸ் ஸ்டாண்டா?" என்று முனகினார் நம் காசாளர்.

"ரெண்டுக்குமே கூட்டம் வேணும் சார். நம்மகிட்ட எங்க இருக்கு?" என்றீர்கள்.

கூட்டம் வந்தது. உள்ளே போய் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கணக்குத் தொடங்கினார்கள், கடன் வாங்கினார்கள், தவணை தவறாமல் கட்டினார்கள். கிளையை மூட வந்த அதிகாரிகள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். சமூகப் பொறுப்பு வங்கியின் நிதிநிலையை உயர்த்தும் விதத்தை ஆராய ஒரு குழு மடிக்கணினிகளோடு வந்திறங்கி, கீரை விற்கும் அக்காவிடம் காரணம் கேட்டது.

"தெனமும் வந்து போறோம். சும்மா போக ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் ஒரு கணக்கு போட்டேன்" என்றார் அவர்.

குழு இதையே வண்ண வரைபடங்களோடு, யாருக்கும் புரியாதவாறு, தடித்த அறிக்கையாக எழுதியது. அட்டையில் அந்த மரக்கன்றின் படம். கன்று அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது.

கிளை பிழைத்தது. ஆனால் ஆதாயத்தின் ருசி கண்ட தலைமையகம், இனிக் கணக்கு உள்ளவர்களுக்கே கழிப்பறை என்றது. மறுத்தால் தங்கள் பதவி உயர்வு நின்றுபோகும் என்பதையும் நயமாக உணர்த்தியது. தாங்கள் தொலைபேசியில் சொன்ன பதிலை இன்றும் வியந்து வியந்து பேசுகிறோம்:

"அவசரத்துல ஓடி வர்றவங்கள நிறுத்தி பாஸ்புக் கேக்க என்னால முடியாது சார். வேணும்னா நீங்க வந்து வாசல்ல நில்லுங்க."

யாரும் வந்து நிற்கவில்லை. கதவு மூடப்படவில்லை. பதவி உயர்வும் வரவில்லை. வந்து அமர்ந்த அதே நாற்காலியிலிருந்தே இன்று பணி ஓய்வு பெற்று விடைபெறுகிறீர்கள். மேல்மாடி நாற்காலிகள் பலவற்றை நாங்கள் அறிவோம்; அண்ணாந்து பார்க்க வைத்தது இது ஒன்றுதான்.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்க, முழங்கால் முணுமுணுக்காதிருக்க, நீடு வாழ்க அம்மையீர்! தாங்கள் செல்லும் ஊரிலெல்லாம், கேட்கக் கூச்சப்படும் முன்பே "உள்ள வாங்கம்மா" என்று சொல்ல ஒருவர் இருக்கட்டும்.

இவண்,
எங்கும் தூக்கியடிக்கப்படாமல் இங்கேயே அமர்ந்திருக்கும்
சந்தைக் கிளை ஊழியர்கள்