காந்தத்துல ஒட்டின பத்து ரூபா

மணிமொழி: இன்னிக்கு ரெண்டு பத்து ரூபா காசா? ஏங்க, உங்க பாக்கெட்டுக்கு மட்டும் எப்படிங்க இந்த மாதிரி சந்தேகக் காசாத் தேடி வருது?

இளஞ்செழியன்: எனக்கென்ன தெரியும்... பஸ்ல சில்லறை குடுக்கறாங்க, வாங்கிக்கறேன்.

மணிமொழி: ஃபோன்ல ஸ்கேன் பண்ணிட்டுப் போலாமே. அடி அண்ணாமலைல எங்க கரும்பு ஜூஸ் கடை வரைக்கும் அட்டை ஒட்டியாச்சு.

இளஞ்செழியன்: லேத் பட்டறைல வேல பாக்கறவன் கைங்க. எல்லாம் கிரீஸு. ஃபோனத் தொட்டா அவ்ளோதான்... நீங்க காசப் பாருங்க. செல்லுமா, செல்லாதா?

பொன்னி: மணி! யாருடி அங்க? லேத்துக்காரத் தம்பியா?

மணிமொழி: ஆமாம்மா! நீ கரும்பச் சீவு!... இந்தக் காசு, விளிம்பு நசுங்கியிருக்கு.

இளஞ்செழியன்: கள்ளக் காசா?

மணிமொழி: இருங்க, என்ன அவசரம்? நசுங்கின எடத்துல மட்டும்தான் எழுத்து சாஞ்சிருக்கு. மத்த எடமெல்லாம் கூராத்தான இருக்கு? சிங்கத்தோட பிடரி கூட கோடு கோடாத் தெரியுது. நல்ல காசுதான். அப்புறமா எங்கயோ அடிபட்டிருக்கு.

இளஞ்செழியன்: பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துச் சில்லறைய எண்ணி எண்ணி நல்லாத்தான் பழகியிருக்கீங்க. அடிபட்டத வாங்கிப்பீங்க இல்ல?

மணிமொழி: வாங்கிக்கறேன், வாங்கிக்கறேன். அடுத்தது... ம்...

இளஞ்செழியன்: அதுல என்னங்க? பளபளன்னு இருக்கே.

மணிமொழி: பளபளப்புதான் ஜாஸ்தி. சிங்கத்துக்கு மூஞ்சியே இல்ல பாருங்க. சோப்புல செஞ்சு தண்ணில போட்ட மாதிரி.

இளஞ்செழியன்: தேஞ்சிருக்கும்.

மணிமொழி: தேஞ்சா மேடுதான் தேயும். பள்ளத்துல இருக்கறது அப்படியே நிக்கும். இதுல மேடு பள்ளம் எல்லாமே மழுங்கல்... அம்மா, அந்தக் காந்தத்தக் குடு!

பொன்னி: ஸ்பீக்கர்லேர்ந்து கழட்டினியே, அதுவா? இந்தா.

மணிமொழி: இப்பப் பாருங்க... டப்புனு ஒட்டிக்கிச்சு.

இளஞ்செழியன்: ஒரு ரூபா கூடத்தாங்க ஒட்டுது!

மணிமொழி: அது எஃகு, ஒட்டும். பத்து ரூபா ஒட்டக்கூடாதுங்க. இது வெறும் இரும்பு, மேல பூச்சு. இது அடிபட்ட காசு இல்ல. கள்ளக் காசேதான்.

இளஞ்செழியன்: அய்யய்யோ... அத நான் ஒண்ணுமே பண்ணலீங்க!

மணிமொழி: ஓ...

இளஞ்செழியன்: இல்ல... நான் என்ன சொல்ல வந்தேன்னா...

மணிமொழி: இத ஒண்ணும் பண்ணல. சரி. அப்போ அந்த நசுங்கினத?

இளஞ்செழியன்: அது... பஸ்ல எங்கயாவது நசுங்கியிருக்கும்ங்க.

மணிமொழி: இந்த டப்பாவத் தொறந்து பாருங்க. எல்லாம் நீங்க குடுத்தது. ஒவ்வொண்ணுலயும் அதே பல்லு பதிஞ்சிருக்கு. உங்க பட்டறைல இரும்பப் புடிச்சு இறுக்குவீங்களே, வைஸு... அந்தப் பல்லுதான?

இளஞ்செழியன்: தெரிஞ்சேவா வாங்கினீங்க?

மணிமொழி: காச நசுக்கறது தப்புங்க. கேஸ் ஆயிடும். அதுவும் இன்னிக்கு ஒண்ணுக்கு ரெண்டா வேற...

இளஞ்செழியன்: ஒண்ணுதாங்க நசுக்கினேன். இன்னொண்ணு பஸ்ல வந்ததுதான், சத்தியமா. அதையும் காட்டினா இன்னும் கொஞ்ச நேரம் நிக்கலாமேன்னு... வெள்ளிக்கிழம கீழ்பென்னாத்தூர்லேர்ந்து உங்களப் பொண்ணு பாக்க வராங்களாமே. அதுக்கப்புறம் நான் எங்க இங்க வந்து நிக்கறது?

மணிமொழி: யாரும் வரல. வேணாம்னு சொல்லிட்டேன்.

பொன்னி: ஏன்டின்னு கேட்டா வாயத் தொறக்கமாட்டேங்கறா தம்பி! நீங்களாவது கேளுங்க!

மணிமொழி: அம்மா... மிஷினப் போடு!

இளஞ்செழியன்: ஏங்க வேணாம்னு...

மணிமொழி: அந்தக் கள்ளக் காச இப்படிக் குடுங்க. யார் தலைலயும் கட்டக்கூடாது. பேங்க்ல குடுத்துடறேன்.

இளஞ்செழியன்: பேச்ச மாத்தறீங்க. சரி, இதையாவது சொல்லுங்க. மொத மொதல்ல ஒரு காசு குடுத்தேனே, அத நான் தொடக்கூட இல்ல. நீங்கதான் பாத்துட்டு, சந்தேகமா இருக்கு, நாளைக்கு வேற கொண்டாங்கன்னீங்க. அதுல அப்படி என்னங்க கோளாறு?

மணிமொழி: அதுலயா... ஒரு கோளாறும் இல்லீங்க. நல்ல காசு. நாளைக்கும் வருவீங்களான்னு பாக்கணும் போல இருந்துச்சு.