ஆயிரத்து நானூறு குறிகள்

ஒடெட்: மொதல்ல இதைச் சொல்லுங்க கேப்டன். இது ஏன் கானாங்கெளுத்தி நாத்தம் அடிக்குது?

அல்சீட்: அது... இரை வைக்கிற ஃப்ரீசர்ல வச்சிருந்தேன்.

ஒடெட்: எதை? ஹார்ட் டிஸ்க்கையா?

அல்சீட்: ராத்திரி பூரா குளிர்ல வச்சா உசிர் வந்துடும்னு துறையில சொன்னாங்க.

ஒடெட்: துறையில யாரு?

அல்சீட்: க்ளோவிஸ்.

ஒடெட்: க்ளோவிஸ் தொட்டு இதுவரைக்கும் எது பொழைச்சிருக்கு?

அல்சீட்: பிளாஸ்டிக் பையில சுத்தித்தான் வச்சேன் மகளே...

ஒடெட்: பைக்குள்ளயும் ஈரம் எறங்கும். குடுங்க இப்படி. மாட்டிப் பாக்கறேன். பேசாதீங்க, சத்தத்தைக் கேக்கணும்.

அல்சீட்: என்ன சத்...

ஒடெட்: உஷ். கேக்குதா? டக்... டக்... டக்.

அல்சீட்: வெள்ளிக்கிழமை படகுலயும் இப்படித்தான் அடிச்சுது. இஞ்சின்ல ஏதோன்னு நினைச்சேன்.

ஒடெட்: உள்ள தட்டு சுத்துது. அதைப் படிக்கிற முள்ளு அது மேலயே இடிக்குது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் சுரண்டிக்கிட்டுப் போகுது. நிறுத்திடறேன்.

அல்சீட்: நிறுத்தாதே! இன்னும் கொஞ்ச நேரம்... ஒருவேளை...

ஒடெட்: நிறுத்தலைன்னா மிச்சமும் போயிடும் கேப்டன்.

அல்சீட்: சரி... சரி. நிறுத்து.

ஒடெட்: உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா எனக்குக் கை ஓடாது. அடுப்புல உருளைக்கிழங்கு ராப்பூர் இருக்கு, ஒரு துண்டு வைக்கட்டா? வெண்ணெயா, வெல்லப்பாகா?

அல்சீட்: எதுவும் வேணாம். நாளைக்கு சீசன் தொடங்குது, காலையில ஏழு மணிக்கு எல்லாப் படகும் கிளம்புது. முந்நூத்தி எழுபத்தஞ்சு இறால் கூண்டு ஏத்திக் கட்டி நிக்குது. அதை எங்க போடறதுன்னு எனக்குத் தெரியாது. ராப்பூர் எறங்குமா?

ஒடெட்: உங்களுக்கா தெரியாது?

அல்சீட்: ஆயிரத்து நானூறு குறி ஒடெட். சிங்கி இறால் எந்தப் பாறை இடுக்குல உக்காரும்னு இருபத்தாறு வருஷமா ஒவ்வொண்ணா சேத்து வச்சேன். எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான்.

ஒடெட்: தலைக்குள்ளயும் கொஞ்சமாவது இருக்கும்ல?

அல்சீட்: கரையிலருந்து முப்பது மைல். சுத்தித் தண்ணி. எதை வச்சு அடையாளம் சொல்ல? ஒரு படகு நீளம் தள்ளிப் போட்டா அடியில வெறும் சேறு. முந்தாநேத்து வரைக்கும் நானும் தலையிலதான் இருக்குன்னு நினைச்சேன். நேத்து ஒரு தாளை எடுத்து எழுதிப் பாத்தேன்.

ஒடெட்: எத்தனை வந்துச்சு?

அல்சீட்: பதினொண்ணு.

ஒடெட்: ...நகல் ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாம் கேப்டன். ஒரு சின்ன டிஸ்க்கு. மேஜை டிராயர்ல போட்டுப் பூட்டியிருந்தா போதும்.

அல்சீட்: நகல் எடுத்தா அது இன்னொருத்தன் படகுல போய் உக்காந்துக்கும். என் பொண்டாட்டிக்கே நான் காட்டினதில்லை. இந்தத் துறையில ஒருத்தன்கிட்ட சட்டையைக் கேளு, கழட்டிக் குடுப்பான். குறியைக் கேளு பாப்போம்.

ஒடெட்: தெரியும். நானும் ஒரு கடல்காரனுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கேன்.

அல்சீட்: ரெமி எங்க?

ஒடெட்: துறையில. கூண்டு ஏத்திக்கிட்டிருக்கார். ஏன்?

அல்சீட்: சும்மா கேட்டேன்.

ஒடெட்: நீங்க வீட்டுக்குப் போங்க கேப்டன். இன்னும் ரெண்டு வழி இருக்கு, செஞ்சு பாத்துட்டு ஒரு மணி நேரத்துல கூப்பிடறேன்.

அல்சீட்: இங்கயே இருக்கேன்.

ஒடெட்: என்மேல நம்பிக்கை இல்லையா?

அல்சீட்: வீட்டுக்குப் போனா பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கணும். அதுக்கு இந்தப் பெட்டியவே பாத்துக்கிட்டிருக்கலாம்.

ஒடெட்: ...ரெண்டு வழியும் பாத்துட்டேன். மறைக்கலை, சொல்லிடறேன். இங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்கு அனுப்பினா தூசி நுழையாத அறையில வச்சுத் திறப்பாங்க.

அல்சீட்: எத்தனை நாள்?

ஒடெட்: மூணு வாரம். அதுவும்... ஈரம் பட்டிருக்கு. கிடைச்சா உண்டு.

அல்சீட்: வருஷத்துக்கு வர்றதுல பாதி மொத வாரத்துலயே வந்துடும். மூணு வாரம் கழிச்சு நான் கூண்டை வச்சு வேலியா கட்டறது?

ஒடெட்: என்மேல ஏன் எரிஞ்சு விழறீங்க? நானா ஃப்ரீசர்ல வச்சேன்?

அல்சீட்: இல்ல... இல்ல மகளே. மன்னிச்சுக்கோ.

ஒடெட்: ம்.

அல்சீட்: ஒண்ணு கேக்கட்டுமா? ஒம்பது வருஷம் முன்னாடி, பழைய பெட்டியிலருந்து எல்லாத்தையும் இதுக்கு மாத்திக் குடுத்தது நீதானே?

ஒடெட்: நான்தான்.

அல்சீட்: அப்படி மாத்தறதுக்கு முன்னாடி நீ ஏதோ பண்ணுவியே.

ஒடெட்: மொதல்ல அப்படியே ஒரு நகல் எடுத்துக்குவேன். அப்புறம்தான் கை வைப்பேன். யார் கொண்டுவந்தாலும் அப்படித்தான்.

அல்சீட்: வேலை முடிஞ்சதும்?

ஒடெட்: அழிச்சிடுவேன்.

அல்சீட்: எப்பவுமா?

ஒடெட்: ...எப்பவும்தான்.

அல்சீட்: சரி. கேட்டேன், அவ்வளவுதான்.

ஒடெட்: கேப்டன்... நம்ம மேற்குத் துறையில ஒருத்தர் அடுத்தவங்க குறியில கூண்டு போட்டாருன்னு ஒரு தகராறு வந்துச்சே. கடைசியில என்ன ஆச்சு?

அல்சீட்: மிதவைக் கயிறை அறுத்து விட்டாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, இருநூறு. மறு வருஷம் படகை வித்துட்டு ஆல்பெர்ட்டாவுக்கு எண்ணெய்க் குழாய் பதிக்கப் போயிட்டான்.

ஒடெட்: அவர் பொண்டாட்டி?

அல்சீட்: கோயில்ல அவ உக்காந்த வரிசையில யாரும் உக்காரலை. இப்ப எதுக்கு அது?

ஒடெட்: ஒண்ணுமில்லை. நாளைக்கு என்ன பண்ணப் போறீங்க?

அல்சீட்: குருட்டாம்போக்குல போடணும். என்கூட ரெண்டு பேர் வர்றாங்க. அதுல ஒருத்தனுக்குப் போன மாசம்தான் ரெட்டைப் புள்ளை பொறந்திருக்கு. "கேப்டன், இந்த வருஷம் அள்ளிடலாம்"னு காலையில சிரிச்சான். அவன்கிட்ட இன்னும் நான் சொல்லலை. எழுபத்தொரு வயசு எனக்கு. வழி தெரியாம நடுக்கடல்ல நிக்கறதைப் பக்கத்துப் படகெல்லாம் பாக்கும். சரி, நான் வரேன். அந்தப் பெட்டியைக் குடு.

ஒடெட்: இருங்க.

அல்சீட்: எதுக்கு?

ஒடெட்: இருங்கன்னு சொல்றேன்ல. மாடிக்குப் போய்ட்டு வரேன்.

அல்சீட்: ஒடெட்? ...ஒடெட், அங்க என்ன உருட்டற?

ஒடெட்: வந்துட்டேன். இந்தாங்க.

அல்சீட்: என்ன இது?

ஒடெட்: உங்களோடது. ஆயிரத்து இருநூறு குறி. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் நீங்க வச்சிருந்தது அத்தனையும்.

அல்சீட்: அழிச்சிட்டேன்னு சொன்னே.

ஒடெட்: பொய் சொன்னேன். கத்துங்க கேப்டன். கத்திட்டுப் போயிடுங்க. சும்மா பாத்துக்கிட்டிருக்காதீங்க.

அல்சீட்: ரெமிக்குக் குடுத்தியா?

ஒடெட்: குடுத்தேன். அவர் கேக்கலை. உங்க படகை விட்டு வந்து புதுசா சொந்தப் படகு எடுத்த வருஷம்... மொத சீசன்ல தினம் வெறுங்கூண்டு. ராத்திரி தூங்காம உக்காந்திருந்தார். நானாத்தான் குடுத்தேன். கயிறை அறுக்கணும்னா என் பேரைச் சொல்லி அறுங்க.

அல்சீட்: மஞ்சள் மிதவை. நடுவுல கறுப்புப் பட்டை.

ஒடெட்: என்னது?

அல்சீட்: உன் புருஷனோடதுதானே? ஒம்பது வருஷமா என் தென்மேற்கு விளிம்புல மிதக்குது. எனக்கென்ன கண்ணா இல்லை?

ஒடெட்: தெரியுமா? அப்போ இன்னிக்கு...

அல்சீட்: டிஸ்க்கு செத்துப்போச்சுன்னு வெள்ளிக்கிழமையே தெரியும். உங்கிட்ட நகல் இருக்கும்னுதான் வந்தேன். நீயா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். வரேன்னு எழுந்திருச்சப்போ எனக்கு உயிரே போயிடுச்சு, சொல்லாம விட்டுடுவியோன்னு.

ஒடெட்: தெரிஞ்சும் ஒரு கயிறுகூட நீங்க அறுக்கலை.

அல்சீட்: என் படகுல பத்து வருஷம் வேலை செஞ்ச பையன். போறான் போன்னு விட்டேன்.

ஒடெட்: அவ்வளவுதானா?

அல்சீட்: வேற என்ன இருக்கும்?

ஒடெட்: என் மாமனார் தெயோ செத்த வருஷம் அவர் படகை மாமியார்கிட்டருந்து வாங்கினீங்களே. கம்ப்யூட்டர் அப்பவே அதுல இருந்துச்சா?

அல்சீட்: இருந்துச்சு. பழைய பெட்டி ஒண்ணு. அது கிடக்கட்டும்... ரெமி விஷயத்துல ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. ஆயிரத்து இருநூறும் உங்கிட்ட இருந்துச்சு. வடக்குப் பாறையில இன்னும் நல்ல நல்ல இடமெல்லாம் இருக்கு. அங்க அவன் ஒரு கூண்டுகூடப் போட்டதில்லை. ஏன்?

ஒடெட்: ஏன்னா அந்த வடக்குப் பாறை நிஜமாவே உங்களோடது கேப்டன். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்துல அது போட்ட தேதி இருக்கு. முதல் அறுநூறு, நீங்க அந்தப் படகுல கால் வைக்கறதுக்கு முன்னாடி என் மாமனார் கையால போட்டது. அப்பா செத்தப்போ ரெமிக்குப் பதினாலு வயசு. மரத்துக்கும் இஞ்சினுக்கும் நீங்க விலை பேசினீங்க. பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம மாமியார் கையெழுத்துப் போட்டுட்டு, இருபது வருஷம் மீன் ஆலையில நின்னு இறால் ஓடு உரிச்சாங்க. நான் ரெமிக்குக் குடுத்தது அந்த அறுநூறு மட்டும்தான். யாரோடதுன்னு சொல்லலை, சொல்லியிருந்தா அன்னிக்கே உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னிருப்பார். உங்களோடதைத் திருடறோம்னு நினைச்சுத்தான் ஒம்பது வருஷமா உங்களைப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறார். நகலை எடுத்துக்கிட்டுப் போங்க, நாளைக்கு எல்லாக் கூண்டையும் நல்லபடியாப் போடுங்க. ஆனா போற வழியில துறையில நின்னு, அந்த அறுநூறும் அவர் அப்பாவோடதுன்னு ரெமிகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க.