கட்டிலைக் கட்டிலாகவே அச்சேற்றியவருக்கு

பிழை பொறாத பெருந்தகையே! பெண்கள் எழுதிய பழைய நாவல்களைத் தூசு தட்டி, துணிவு கூட்டி, மறுபதிப்பாய் மலர வைத்த எங்கள் மெய்ப்புத் திருத்துநரே! சிவப்பு மையைச் சினத்துக்கன்றிச் செம்மைக்கே செலவிட்ட அன்பு அக்காவே! ஓய்வு பெறும் உங்களுக்கு இப்பதிப்பகப் பணியாளர்களின் பணிவான வணக்கம்.

ஜன்னலோர மேசையில் முப்பதாண்டுகளுக்கு மேல் அமர்ந்து எழுத்தெண்ணிப் படித்தீர்கள். ஒற்று மிகுந்தால் கிள்ளினீர்கள், குறைந்தால் கூட்டினீர்கள். இவற்றை எந்த மடலிலும் எழுதலாம். இம்மடலில் எழுத வேண்டியது ஒரு சொல்லைப் பற்றி.

அந்தப் பழைய நாவலில், மணமாகி ஒரு வாரமே ஆன மருமகளிடம் மாமியார், "ராத்திரியெல்லாம் என்னடி சத்தம்?" என்று கேட்கிறாள். "தொட்டிலுக்கு ஒரு கால் குட்டை அத்தை. மத்தபடி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்கிறாள் அவள். பதிப்புக்குப் பதிப்பு அப்படியே அச்சாகியிருந்த வரி அது. நாங்களும் படித்துவிட்டுக் கடந்துபோனோம். நீங்கள்தான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டீர்கள்: "புள்ளையே பொறக்காத வீட்டுல தொட்டில் எதுக்கு? தொங்குற தொட்டிலுக்குக் கால் ஏது?"

முதற்பதிப்பைத் தேடிப் பிடித்தீர்கள். அதில் இருந்தது கட்டில்! யாரோ ஒரு கண்ணியவான், ஒரே சொல்லில் அந்தப் பெண்ணின் ஆசையையும் அறுத்து, அவள் சிரிப்பையும் அணைத்திருந்தார். ஆசையை நேராகச் சொன்னால் அடங்காப்பிடாரி என்பார்கள் என்று அறிந்தே அந்த நாவலாசிரியை அதை நகைச்சுவைக்குள் பொதிந்து வைத்தார் என்றீர்கள்.

கட்டில் திரும்பி வந்தால் பள்ளிகள் இந்த நாவலை வாங்காது என்றார் மேலாளர். "புருஷன் போய் இத்தனை வருஷம் ஆச்சு, இந்தம்மாவுக்கு ஏன் இந்தக் கட்டில் ஆராய்ச்சி?" என்ற முணுமுணுப்பு மாடிப்படியில் ஏறி உங்கள் மேசைவரை வந்தது. கட்டிக் காத்த நற்பெயரா, யாரோ எழுதிய ஒரு சொல்லா என்ற நிலை வந்தபோது, கூட்டத்தில் எழுந்து அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தீர்கள். மருமகளின் பதில் வந்த இடத்தில் உங்கள் குரல் உடைந்தது.

"ஏம்மா, கூச்சமா இருக்கா? உட்காருங்க" என்றார் மேலாளர், இரக்கத்தோடுதான்.

"கூச்சமில்ல சார். எங்க வீட்டுக்காரர் ஞாபகம் வந்துடுச்சு. அவரும் இப்படித்தான், சிரிக்க வெச்சுட்டுத்தான் விளக்கை அணைப்பார்."

கணவரை இழந்த ஒரு பெண் தன் இழப்பை அழுதே சொல்ல வேண்டும் என்று பழகிய செவிகள் அங்கே இருந்தன. மேலாளர் மெய்ப்பைத் தம் பக்கம் இழுத்து, தம் கையாலேயே 'தொட்டிலை' அடித்தார்.

அச்சேறிய நாளில் பைண்டிங் பிரிவுப் பெண்கள் அந்தத் தாளை மடிக்க மறந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் உங்களிடம் வந்து, "இதையெல்லாம் ஒரு பொம்பளை எழுதியிருக்காங்களாக்கா?" என்று மெல்லக் கேட்டாள். ஆமாம் என்றீர்கள். அவள் தன் இடத்துக்குத் திரும்பிப்போய், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அக்கா! அமைதியாக ஓய்வெடுங்கள் என்று வாழ்த்த எங்களுக்கு மனமில்லை. உடல் நலத்தோடும், அவர் நினைவோடும், அக்கம்பக்கத்தார் என்ன சத்தம் என்று கேட்கும்படி, நெடுங்காலம் சிரித்து வாழுங்கள்!

உங்களோடு சிரிக்கக் கற்ற,
அச்சுக்கூட, பைண்டிங், அலுவலகப் பணியாளர்கள்