தங்கை சொன்ன ‘இழு’

ஐயா,

டீயில் ஆடை மிதந்தால் எனக்குக் குமட்டும். நீங்கள் கொடுத்ததை அப்படியே வைத்துவிட்டேன். தவறாக நினைக்க வேண்டாம். என் முதல் வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் காகிதம் கேட்டேன்.

முதலில் ‘இழு’ என்ற சொல்லை விளக்கிவிடுகிறேன். நானும் தங்கையும் ஆன்லைனில் ஒரே அணியில் விளையாடுவோம். இருவருமே டேங்க், அதாவது, அணிக்காக முன்னால் நின்று அடி வாங்குகிறவர்கள். எதிரே வரும் ராட்சசனுக்கு யார் மேல் ஆத்திரம் அதிகமோ, அவரைத்தான் அடிப்பான். ஒருவரே வாங்கிக்கொண்டிருந்தால் செத்துப்போவார். அதனால் ஓர் அளவு வந்ததும் “இழு” என்பார். மற்றவர் ராட்சசனைச் சீண்டி, ஆத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். மாறி மாறி நின்றால் இருவரும் பிழைக்கலாம்.

வீட்டிலும் அதையே கடைப்பிடித்தோம். அப்பா அடிக்கிறவர். அடிக்கும்போது அவர் வாயோரம் நுரை கட்டி, எங்கள் மேல் தெறிக்கும். அடியைவிட அந்த எச்சில்தான் எனக்குத் தாங்காது. தங்கை முடிந்த வரை வாங்கிவிட்டு, “அண்ணா, இழு” என்பாள். நான் போய், “உங்க பாட்டிலை நான்தான் கொட்டினேன்ப்பா” என்பேன். அவர் என் பக்கம் திரும்பிவிடுவார். பிறகு நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்து சிரிப்போம்.

“ரெண்டு அடிக்கே படுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு டேங்கா?”

“நீ சுவருடி. சுவரோட யாரு போட்டி போடுவா?”

அவள் உதடு வீங்கியிருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது. தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்விடுவேன்.

போன மாதம் ஒரு கேம் கம்பெனியில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். டேங்குகளுக்கு இடையே ஆத்திரத்தையும் அடியையும் சமன்செய்கிற வேலை. திங்கட்கிழமை போக வேண்டும். முகத்தில் காயம் இருக்கக் கூடாது. ஞாயிறு மத்தியானம் அப்பா என் அறை வாசலில் நின்று பெல்ட்டைக் கழற்றினார். புளித்த வியர்வை நாற்றம். நம் மேல் இருக்கும் ஆத்திரத்தை இன்னொருவர் மேல் ஏற்றிவிடவும் விளையாட்டில் வழி உண்டு.

“அவ வீட்டை விட்டுப் போகப் போறாப்பா. பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு,” என்றேன்.

உண்மைதான். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். “ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் ரூம் பாத்திருக்கேன். உன் துணியையும் அதுலயே வச்சுட்டேன்” என்றும் சொல்லியிருந்தாள்.

பக்கத்து அறையிலிருந்து, “அண்ணா, இழு” என்றாள். ஐந்து முறை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெதுவாக. ஆறாவது வரவில்லை.

நேர்காணல் நன்றாகவே போனது. செவ்வாய்க்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அங்கே சீழும் மருந்தும் கலந்த வாடை. நான் உள்ளே போகவில்லை, வராந்தாவிலேயே நின்றேன். புதன்கிழமை வேலை உறுதியானது.

ஹெட்போன் மாட்டியிருந்தேன், விளையாட்டுக்குள் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். திருத்தம் இதுதான்: அந்த ஞாயிறு காலையிலிருந்தே பராமரிப்புக்காகச் சர்வரை மூடி வைத்திருந்தார்கள். யாரும் விளையாடவில்லை.

அவளிடமே கேட்டிருந்தால், “நீ முகத்தைப் பாத்துக்கோண்ணா” என்றுதான் சொல்லியிருப்பாள். நான் கதவை உள்ளே தாழ்போட்டிருந்ததால் அவளிடம் கேட்க முடியவில்லை.