கோடு போட்ட சொல்

— படிங்க தம்பி, முழுசா. காதால கேட்டாத்தான் என் மனசு ஒப்பும்.

— “சித்தியவான் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் வாழ்ந்து, ஈசன் திருவடி நிழல் சேர்ந்த இராமையா அவர்களின் பதினாறாம் நாள் கருமக்கிரியை.” நல்லாத்தானே இருக்கு அண்ணி?

— பேருக்குக் கீழ ஒண்ணு விட்டுப்போச்சு. அக்கவுண்டன்ட்னு போடுங்க.

— அது வேணாம்லா அண்ணி.

— காசு கூட ஆகுமா, யுகேந்திரன் தம்பி?

— அண்ணே கார்டுக்குக் காசு வாங்குவேனா? பதினெட்டு வருசம் என் அச்சுக்கடைக்குக் கணக்கு எழுதினவரு. ஆனா எழுதினவருதான். அக்கவுண்டன்ட் வேற.

— என்ன வேற? அவரு சட்டையில இருந்த மைய நான்தான் தோய்ச்சேன். எனக்கு மை ஒண்ணுதான்.

— வந்தது போனத நாள் தவறாம எழுதி, ரசீத அடுக்கி, பேங்க் கணக்கோட ஒத்துப்பாக்கிறது அண்ணே வேல. அதுல அவருக்கு நிகர் இல்ல. ஒரு எழுத்து தப்பினாலும் ரப்பரத் தொட மாட்டாரு. எழுதினது படிக்கத் தெரியற மாதிரி ஒத்தக் கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்து வைப்பாரு. அதெல்லாம் பாத்து, வரி எவ்வளவு வரும், கடை தாங்குமா தாங்காதான்னு சொல்றவருதான் அக்கவுண்டன்ட். அதுக்குத் தனியாப் படிச்சு, லைசென்ஸ் வாங்கணும்.

— பெரிய மெஷின வாங்கலாமான்னு இவருகிட்டதானே கேட்டீங்க?

— கேட்டேன். பேங்க்ல பணம் இருக்கு தம்பின்னாரு. இருந்துச்சுதான். அது வரிக்குப் போக வேண்டிய பணம்னு எனக்கு எப்படித் தெரியும்? இப்ப அபராதம் வந்து நிக்குது.

— சிம்பாங் பூலாயில ஒரு அக்கவுண்டன்ட் இருக்காரு, அவர ஒரு வார்த்த கேளுங்கன்னு மூணு தடவ சொன்னாராமே.

— சொன்னாரு. ஃபீஸக் கேட்டுப் பயந்துட்டேன்.

— அப்ப இவர அக்கவுண்டன்ட் ஆக்கினது யாரு?

— ஊரே அப்படித்தானே கூப்பிட்டுச்சு அண்ணி.

— ஊரு அப்புறம். நேம் கார்டு யாரு அடிச்சது?

— நான்தான். சம்பளம் ஏத்திக் கேட்டாரு. அந்த வருசம் கையில ஒண்ணுமில்ல. நூறு கார்டு அடிச்சு, “இந்தாங்கண்ணே, பதவி ஏத்தியாச்சு”ன்னு கொடுத்தேன். சிரிச்சாருலா.

— வீட்ல வந்து சிரிக்கல. சாமி முன்னால வச்சுப் பதிகம் பாடினாரு. தோட்டத்துல ரப்பர் பால் வெட்டியே செத்த எங்க மாமனாரு படத்துல ஒண்ணச் செருகினாரு. கோயில் தலைவருக்கு ஒண்ணு. மிச்சத்த யாருக்கும் கொடுக்க மனசே வரல.

— அதுக்காக இப்ப போட்டா, நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க அண்ணி.

— நீங்க கேட்ட மாதிரியா?

— நான்... யாரு சொன்னா? அண்ணேயா?

— அவரு வாயத் திறக்கல. பக்கத்து வீட்டு சாந்தினிதான், இவரு சாவுக்கு வந்தப்ப சொன்னா. கல்யாணக் கார்டு எடுக்க அன்னைக்கு இங்கதான் நின்னாளாம். “நீயெல்லாம் ஒரு அக்கவுண்டன்டா”ன்னு கேட்டீங்களாம். பதினெட்டு வருசம் அண்ணேன்னு கூப்பிட்ட வாயி.

— அபராதக் கடுதாசி கையில இருந்துச்சு அண்ணி. கோவம். மறுநாள் மன்னிப்புக் கேக்கலாம்னு இருந்தேன். அவரு வேலைக்கே வரல.

— நாலு நாளு வீட்லதான் இருந்தாரு. அஞ்சாம் நாள் விடியல்ல நெஞ்சப் பிடிச்சாரு.

— போடறேன் அண்ணி. அக்கவுண்டன்ட்னு பெருசாவே போடறேன். என்னால ஆனது அதுதான்.

— முதல்ல இந்தப் பெட்டியத் திறங்க. நீங்க கொடுத்ததுதான்.

— நேம் கார்டு... என்ன இது, எல்லாத்துலயும் சிவப்பு மை?

— அந்தச் சொல்லு மேல ஒத்தக் கோடு. பக்கத்துல கையெழுத்து. கோயில் தலைவர்கிட்ட போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தாரு. அவரு அப்பா படத்துல இருந்ததயும் எடுத்தாரு. நாலு நாளும் இதான் வேல. நேத்து எண்ணிப் பாத்தேன், நூறும் இருக்கு.

— அண்ணி... அவரே வேணாம்னு கோடு போட்டப்புறம், நான் எப்படி அந்தச் சொல்லப் போடறது?

— நீங்க அச்சடிங்க தம்பி. ஒவ்வொரு கார்டுலயும் கோடு நான் போட்டுக்கறேன்.