சைரனுக்கான வரி

ஒழுங்காக இருக்கும் எதுவும் எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர். துவைத்த சட்டைகளைக்கூட நிறம் பார்த்து நானேதான் மடிப்பேன். என் மனைவி கோமளா பார்த்துச் சிரிப்பாள்.

சுவா ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களின் செம்பனை எண்ணெய் ஆலைகளில் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முன்பு, என்னோடு வேலை செய்யும் சுகுமாறன் ஒவ்வொரு ஆலைக்கும் மோட்டாரில் போய்க் கையால் அமைப்பார். எங்கே எதை மாற்றினார் என்று அவருக்கே நினைவிருக்காது. நான் ஒரு திறந்த மூல மென்பொருளைக் கொண்டுவந்தேன். சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே கோப்பில் எழுதிவிட்டால், எல்லா ஆலைகளிலும் அதுவே அமைத்துவிடும். யாராவது கையால் எதையாவது சேர்த்திருந்தால் அழித்துவிடும். அப்படித்தான் எழுதியிருந்தேன்.

கோமளாவுக்கு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. கழிவுநீர் பம்பு குழியில் இறங்கி மாதிரி எடுப்பாள். குழியில் விஷவாயு கூடினால் சர்வர் அவள் கைப்பேசியை அழைக்கும். பம்பு சத்தத்தில் அது காதில் விழாது.

"ஒரு சைரன் போட்டுக் குடுங்களேன்" என்று முதலில் என்னிடம்தான் கேட்டாள்.

"ஆபீஸ் மூலமா எழுதிக் குடு. முறைப்படி செய்யலாம்" என்றேன்.

பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "சுகுமாறன் அண்ணன்கிட்ட கேட்டேன். அன்னிக்கே சைரன் மாட்டி, சர்வர்லயும் சேர்த்துட்டாரு. இப்பதான் பயமில்லாம எறங்குறேன் லா."

அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. அதை நான் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

என் மென்பொருளை ஓட்டுவதற்கு முன் வெள்ளோட்டம் பார்க்கலாம். என்னென்ன மாறப்போகிறது என்று திரையில் காட்டும். மறுநாள் காலை பார்த்தேன். சைரனுக்கான வரி நீங்கப்போவதாகச் சிவப்பில் வந்தது. அதை என் கோப்பில் சேர்ப்பது பெரிய வேலையில்லை. சேர்க்காமல் ஓட்டினேன்.

ஒரு தடவை சைரன் அடிக்காமல் போகட்டும், அவருடைய கைவேலையின் லட்சணம் அவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அது தெரிய வேண்டுமென்றால் முதலில் குழியில் வாயு அதிகரிக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அன்று அவள் குழியில் இறங்கும் நாள் என்பதும் தெரியும். ஆலை வாசலில் அவளை இறக்கிவிட்டதே நான்தான்.

வெளியே தூக்கியபோது அவள் பாக்கெட்டில் கைப்பேசி இன்னும் அடித்துக்கொண்டிருந்ததாம்.

சுடுகாட்டில் சுகுமாறன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கிருபா, நான்தான் சரியாப் போடலயோ?"

"விடுங்கண்ணே" என்றேன். இல்லை என்று சொல்லவில்லை. நேற்று நீங்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனதால் வந்தேன். தவறு அவருடையதல்ல.

இப்போது அந்த வரியைக் கோப்பில் சேர்த்துவிட்டேன். இனி எந்த ஆலையில் சைரன் மாட்டினாலும் அடிக்கும். இனி ஏதாவது வேண்டுமென்றால் கோமளா என்னிடம்தான் கேட்பாள்.